கப்பல் புகைக்கு ஒரு பாராட்டு மடல்

மாண்புமிகு கப்பல் புகை அவர்களுக்கு,

தங்களுக்கு இதுவரை யாரும் ஒரு பொன்னாடைகூடப் போர்த்தவில்லை என்பது எங்கள் தலைமுறைக்கே தலைகுனிவு. லாரிப் புகை எல்லோருக்கும் பரிச்சயம். விமானப் புகையைத் திட்டாத பள்ளிக் கட்டுரைப் போட்டி கிடையாது. தாங்களோ கரையில் நிற்பவன் கண்ணுக்கு எட்டாத தூரத்தில், கைதட்டலுக்கு ஏங்காமல், ஞாயிற்றுக்கிழமைகூட விடுப்பு எடுக்காமல் உழைக்கிறீர்கள். 2012-ல் சுமார் 98 கோடி டன்னாக இருந்த தங்கள் கொடை 2018-ல் சுமார் 108 கோடி டன் ஆயிற்று. ஆறே ஆண்டில் ஏறத்தாழ பத்து சதவீத வளர்ச்சி! மனித குலம் வானுக்கு அனுப்பும் பசுமைக்குடில் வாயுக்களில் நூற்றுக்கு மூன்று பங்கு, தங்கள் ஒருவர் புண்ணியம். கார் தொழிற்சாலையும் எஃகு ஆலையும் நிலக்கரி மின்நிலையமும் வைத்துக்கொண்டு ஜெர்மனி நாடு முழுக்க முயன்றும் தங்கள் அளவை எட்ட முடியவில்லை. இத்தனைக்கும் தங்களுக்கு நிலம் இல்லை, தேசிய கீதம் இல்லை, ஐ.நா. சபையில் நாற்காலி இல்லை.

தங்கள் பூர்வீகம் எளிமையானது. சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயைக் காய்ச்சும்போது சமையல் எரிவாயு, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று அவரவர் தமக்கு வேண்டியதை வடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அடியில் தங்கும் கசடுதான் தங்கள் தாய். நம்மூரில் பர்னஸ் ஆயில் என்பார்கள். கப்பல்காரர்கள் பங்கர் என்பார்கள். ஆறிக் கிடந்தால் பம்புக்கே வராது. டாங்கிக்குள் நீராவிக் குழாய் ஓட விட்டு இளக்கி, 98 டிகிரி வரை சூடாக்கி, பியூரிஃபயரில் சுழற்றி நீரையும் சகதியையும் பிரித்து, பிறகு 120, 130 டிகிரிக்கு ஏற்றி இன்ஜினுக்குள் பீய்ச்சினால்தான் பற்றும். பியூரிஃபயர் அறையில் ஒரு வாட்ச், அதாவது ஒரு முறைப் பணி, முடித்துவிட்டு வருகிற இன்ஜின் அறைத் தொழிலாளியான ஆயிலரின் நகக்கண்ணைப் பார்த்தால் போதும், இந்தக் குலப் பெருமை விளங்கிவிடும். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தக் கறுப்பு சட்டென்று போகாது.

சென்னைவாசிகளுக்கு ஒருமுறை தங்கள் தாயாரை நேரில் தரிசிக்கும் பாக்கியம் கிடைத்தது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கொட்டிய எண்ணெய் கரையோரப் பாறை இடுக்குகளில் வந்து அப்பிக்கொண்டது. மீனவர்கள், மாணவர்கள், கடலோரக் காவல் படையினர் என்று கிடைத்த ஆளெல்லாம் பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டு மொண்டு மொண்டு ஊற்றினார்கள். பத்திரிகைகளில் படம், சட்டமன்றத்தில் பேச்சு, வழக்கு, நிவாரணம் எல்லாம் நடந்தது. அதே எண்ணெய் விபத்தில்லாமல் ஏதோ ஒரு கப்பலில் ஒழுங்காக எரிந்து தாங்களாக மாறியிருந்தால் ஒரு வாளிகூடத் தேவைப்பட்டிருக்காது. ஒரு வரிச் செய்தியும் வந்திருக்காது. அந்த நாகரிகம்தான் தங்களிடம் எனக்குப் பிடித்தது.

அடுத்தது தாராள மனசு. ஒரு டன் எண்ணெயை எரித்தால் மூன்று டன்னுக்கும் சற்று மேலே கரியமில வாயு வருகிறது. எண்ணெயிலுள்ள கரியோடு காற்றிலுள்ள ஆக்சிஜனும் கைகோத்துக்கொள்வதால் ஏறும் எடை இது. வாங்கியதை மூன்று மடங்காகத் திருப்பித் தருபவர் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள்? பெரிய கன்டெய்னர் கப்பல் ஒன்று வேகமெடுத்தால் நாளொன்றுக்கு 100 டன்னுக்கு மேல் குடிக்கும். அதாவது தினமும் 300 டன்னுக்கு மேல் தாங்கள். இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்று சொன்னால் அது அபாண்டம். ஒவ்வொரு நாளும் நண்பகலில் கேப்டன் கம்பெனிக்கு நூன் ரிப்போர்ட் அனுப்புகிறார். நேற்று நண்பகலிலிருந்து எத்தனை மைல், என்ன வேகம், காற்று எப்பக்கம், மெயின் இன்ஜினுக்கு எத்தனை டன், ஜெனரேட்டருக்கு எத்தனை டன், டாங்கியில் மிச்சம் எவ்வளவு என்று அத்தனையும் அதில் இருக்கும். இரண்டு டன் கூடுதலாகத் தெரிந்தால் அலுவலகத்திலிருந்து மறுநாளே மின்னஞ்சலில் கேள்வி வரும். எண்ணெய் என்றால் காசு. தாங்கள் காசில்லை, ஆகவே தங்களைப் பற்றி அந்தக் கேள்வி எழுவதில்லை.

எண்ணெயை அளப்பதில் இந்தத் தொழில் காட்டும் நேர்மைக்குச் சிங்கப்பூர் சாட்சி. பங்கர் ஏற்றும் படகிலிருந்து காற்றை ஊதி எண்ணெயை நுரைக்க விட்டு, அளவில் கை வைக்கும் வித்தை ஒன்று உண்டு. தொழில் வட்டாரத்தில் அதற்குக் காப்புச்சினோ என்று செல்லப் பெயர். இதை ஒழிக்க, உலகிலேயே அதிகமாக பங்கர் விற்கும் அந்தத் துறைமுகம் 2017 முதல் எண்ணெயை எடையாகவே அளக்கும் மாஸ் ஃப்ளோ மீட்டரைக் கட்டாயமாக்கியது. இப்போது ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் அங்கே சுத்தமாக அளந்து ஊற்றுகிறார்கள். அதிலிருந்து பிறக்கும் தாங்கள் 15 கோடி டன்னுக்குக் குறைய மாட்டீர்கள். சிங்கப்பூர் தன் நாட்டுக் கணக்கென்று காட்டும் மொத்த வெளியேற்றத்தைப்போல இது இரண்டு மடங்குக்கும் மேல். அந்த நாட்டுக் கணக்கில் தாங்கள் ஒரு கிராம்கூடக் கிடையாது! சிங்கப்பூரைக் குறை சொல்ல முடியாது, விதியே அப்படி. பன்னாட்டுப் பயணத்துக்கு விற்ற எரிபொருளைத் தனியே ஒரு ஓரத்தில் குறித்து வைத்தால் போதும், கூட்டுத்தொகையில் சேர்க்க வேண்டாம். இந்தியாவுக்கும் அதே விதி, அமெரிக்காவுக்கும் அதே விதி.

1997-ல் கியோட்டோவில் உலக நாடுகள் கூடியபோது தங்களை யார் தலையில் எழுதுவது என்று வாதம் வந்தது. எண்ணெய் விற்ற நாடா, கப்பல் பதிந்த நாடா, சரக்கு அனுப்பியவரா, வாங்கியவரா? நல்ல கேள்வி என்று ஒப்புக்கொண்டு, லண்டனில் தேம்ஸ் கரையில் இருக்கும் சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ.விடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அந்த அமைப்பு பதறிப்போய் ஏதாவது செய்துவிடவில்லை. நிதானமாக ஆலோசித்து, 14 ஆண்டு கழித்து 2011-ல், இனிமேல் கட்டப்போகும் புதுக் கப்பல்கள் கொஞ்சம் சிக்கனமாக இருக்கட்டும் என்று முதல் கட்டாய விதியை நிறைவேற்றியது. 2015 பாரீஸ் ஒப்பந்தம் இன்னும் பண்பானது. அதில் தங்கள் பெயரையே எங்கும் எழுதவில்லை.

யாருக்கும் சொந்தமில்லாமல் இருப்பது எத்தனை பெரிய கலை என்பதை எவர் கிவன் கப்பலை வைத்துத்தான் எல்லோருக்கும் விளக்க வேண்டும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயின் குறுக்கே ஆறு நாள் மாட்டிக்கொண்டு நின்றதே, 400 மீட்டர் நீளக் கப்பல், அதுதான். உரிமையாளர் ஜப்பான் நிறுவனம். வாடகைக்கு எடுத்து ஓட்டியது தைவான் நிறுவனம். பராமரிப்பைக் கவனித்தது ஜெர்மன் நிறுவனம். பறந்த கொடி பனாமா. மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். மாட்டிக்கொண்டது எகிப்தில். சரக்கு போய்ச் சேர வேண்டியது நெதர்லாந்தின் ராட்டர்டாம். கால்வாயை அடைத்ததற்கு நஷ்ட ஈடு கேட்க எகிப்துக்கு ஆள் இருந்தது; பேரம் படியும் வரை கப்பலை மூன்று மாதத்துக்கு மேல் பிடித்து வைத்தார்கள். அந்தக் கப்பலின் புகைபோக்கியிலிருந்து தாங்கள் புறப்பட்டுப் போனதற்கு? மேலே சொன்ன ஏழு நாட்டில் ஒன்றும் கையைத் தூக்கவில்லை. தூக்கச் சொல்லி அவர்களைக் கேட்க அன்று ஒரு சட்டமும் இல்லை.

கொடி விஷயத்தை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிட மனம் வரவில்லை. உலகக் கப்பல்களின் சுமை அளவில் பாதிக்குச் சற்றுக் குறைவானது மூன்றே நாடுகளின் கொடியில் ஓடுகிறது: லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள். கடலே இல்லாத மங்கோலியாவும் கப்பல் பதிவேடு வைத்திருக்கிறது என்றால் மற்றவர்களைச் சொல்வானேன். லைபீரியாவின் கப்பல் பதிவேட்டையும் மார்ஷல் தீவுகளின் பதிவேட்டையும் நடத்துவது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் அலுவலகம் போட்டிருக்கும் தனியார் நிறுவனங்கள். கப்பல் முதலாளி மார்ஷல் தீவுகளின் மண்ணை மிதிக்க வேண்டியதில்லை. அது எந்தக் கடலில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பசிபிக் கடலில் இருக்கிறது. மக்கள்தொகை 50,000-க்கும் குறைவு. பவளத் திட்டுகளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த நாடு கடல் மட்டத்துக்கு மேலே சராசரியாக இரண்டு மீட்டர்தான் நிற்கிறது. கடல் ஏறினால் முதலில் போகும் நாடுகளில் அதுவும் ஒன்று. ஆக, எந்த நாட்டை மூழ்கடிக்கப் போகிறீர்களோ அந்த நாட்டுக் கொடியையே பின்பக்கக் கம்பத்தில் கட்டிக்கொண்டு, அதற்கு ஆண்டுக் கட்டணமும் கட்டிவிட்டுத் தாங்கள் புறப்படுகிறீர்கள். இப்படியொரு மரியாதையை எந்தப் படையெடுப்பாளரும் செய்ததாகச் சரித்திரம் இல்லை. அந்த நாட்டு வெளியுறவு அமைச்சர் டோனி டி புரூம் 2015-ல் ஐ.எம்.ஓ.வின் லண்டன் கூட்டத்துக்கே நேரில் வந்து, கப்பல் புகைக்கு ஒரு வரம்பு வையுங்கள் என்று கேட்டார். கேட்டுக்கொண்டார்கள். வரம்பு வைப்பதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அவர் 2017-ல் காலமானார். முதல் இலக்கு 2018-ல் வந்தது. 2021-ல் மார்ஷல் தீவுகளும் சாலமன் தீவுகளும் சேர்ந்து டன்னுக்கு 100 டாலர் கட்டணம் போடலாம் என்று யோசனை சொன்னபோதும் கூட்டத்தினர் அதே பொறுமையோடு கேட்டுக்கொண்டார்கள்.

தங்களைக் குறை சொல்பவர்களிடம் கப்பல் முதலாளிகள் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது. நியாயமான பதில், மறைக்கக் கூடாது. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக லாரியைவிட, விமானத்தைவிடக் கப்பல்தான் மிகக் குறைவாகப் புகைக்கிறது. அவர்களுடைய பெரிய இன்ஜின்கள் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ பாதியை வேலையாக மாற்றுபவை. எங்கள் வீட்டுக் காருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. சில கிராம்தானே என்கிறார்கள். உண்மை. உலக வணிகச் சரக்கில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அந்தச் சில கிராம் கணக்கில்தான் போய்க்கொண்டிருக்கிறது. அந்தச் சரக்கு என்ன என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. எடைக் கணக்கில் பார்த்தால் பத்தில் நான்கு பங்கு நிலக்கரி, எண்ணெய், எரிவாயு. அதாவது எரிப்பதற்கான பொருளைக் கொண்டுபோவதற்காகத் தாங்கள் எரிகிறீர்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் தங்கள் உறவினர்கள் எரிவார்கள். குடும்பத் தொழில்.

இந்தக் குடும்பத்தின் சுறுசுறுப்பைப் பார்க்க வேண்டுமானால் 2007 ஜூனில் ஆஸ்திரேலியாவின் நியூகாசல் துறைமுகத்துக்குப் போயிருக்க வேண்டும். நிலக்கரி ஏற்றுவதற்காக 50-க்கும் மேற்பட்ட கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு வரிசையில் நின்றன. புயல் வந்தது. பாஷா பல்கர் என்ற கப்பல் நகரத்துக் கடற்கரையிலேயே வந்து தரை தட்டியது. மக்கள் குடும்பம் குடும்பமாக வேடிக்கை பார்த்தார்கள். அத்தனை கப்பல்கள் ஏன் அங்கே தவம் கிடந்தன? முதலில் வந்தவருக்கு முதலில் இடம் என்பது துறைமுக வழக்கம். எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாகப் போ என்பது வாடகை ஒப்பந்தங்களில் காலங்காலமாக வரும் வாசகம். மெதுவாகப் போனால் ஒப்பந்த மீறல். பறந்து போய் வாசலில் காத்துக் கிடந்தால், விதித்த கெடு கடந்த நாட்களுக்கு டெமரேஜ் என்று காசும் கிடைக்கும். வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் இன்ஜினுக்குத் தேவையான சக்தி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும் என்பது கப்பல் இன்ஜினியரிங் படிக்கும் பையன்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தெரிந்திருந்தும் ஓட்டமாய் ஓடிப்போய் நிற்கிறார்கள். 2008-க்குப் பிறகு சரக்கு குறைந்து எண்ணெய்ச் செலவு கடித்தபோது அதே கப்பல்கள் தாமாகவே மெதுவாகப் போகக் கற்றுக்கொண்டன. அப்போது எந்த மாநாடும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

2023 முதல் ஐ.எம்.ஓ.வில் தங்களுக்குத் தேர்வும் வைக்கிறார்கள். ஒவ்வொரு பெரிய கப்பலுக்கும் ஆண்டுதோறும் ஏ முதல் ஈ வரை கிரேடு. கடைசி கிரேடான ஈ வாங்கினாலும், டி கிரேடை மூன்று ஆண்டு தொடர்ந்து வாங்கினாலும் என்ன தண்டனை தெரியுமா? எப்படித் திருந்தப்போகிறோம் என்று ஒரு திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். மதிப்பெண் போடும் முறை அதைவிடக் கருணையானது. எரித்த எண்ணெயின் புகையைக் கப்பலின் கொள்ளளவாலும் போன தூரத்தாலும் வகுக்கிறார்கள். கொள்ளளவுதான் கணக்கு, உள்ளே உண்மையில் சரக்கு இருந்ததா என்பது கணக்கில்லை. காலிக் கப்பல் கொஞ்சமாகத்தான் குடிக்கும். ஆகவே ஒன்றும் ஏற்றாமல் ஊர் சுற்றியவனுக்கு நல்ல கிரேடு. நங்கூரம் போட்டுச் சும்மா நின்றால் ஜெனரேட்டர் எண்ணெய் ஏறும், தூரம் பூஜ்யம், கிரேடு சறுக்கும். துறைமுகத்தில் இடம் கிடைக்காத கேப்டன் நிற்பதற்குப் பதிலாகக் கடலில் மெதுவாக வட்டமடித்தால் மதிப்பெண் கூடலாம் என்று இந்தச் சூத்திரமே வழி சொல்லித் தருகிறது. எங்கள் பள்ளிக்கூடங்களில் இந்த முறை இருந்திருந்தால் வகுப்புக்கு வராதவன்தான் முதல் மாணவன்.

ஒன்றுமே செய்யவில்லை என்று ஐ.எம்.ஓ.வைப் பழிப்பது அநியாயம். எரிபொருளில் 3.5 சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்த கந்தகத்தை 2020 ஜனவரி 1 முதல் 0.5 சதவீதமாகக் குறைத்தார்கள். துறைமுக ஊர்களில் பலருக்கு இருமல் குறைய வழி பிறந்தது. இதில் கேலிக்கு இடமில்லை. பழைய கசடையே எரிக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் கதவைச் சாத்தவில்லை. புகைபோக்கியில் ஸ்க்ரப்பர் மாட்டி, கடல் நீரால் தங்களைக் குளிப்பாட்டி, அந்தத் தண்ணீரைக் கடலிலேயே விட்டுவிடலாம். பல துறைமுகங்கள் இதைத் தடை செய்திருக்கின்றன, நடுக்கடல் தடுக்காது. கந்தகம் போனதில் இன்னொரு ரகசியமும் வெளியானது. கந்தகத் துகள்கள் கடல் மேல் மேகங்களை வெளுப்பாக்கி வெயிலைக் கொஞ்சம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. அதாவது தங்கள் வெப்பத்தைத் தங்கள் அழுக்கே மூடி மறைத்து வைத்திருந்தது. அழுக்கைக் கழுவியதும் உள்ளே இருந்தது தெரிந்தது. பிறகு எல்.என்.ஜி. எனும் திரவ இயற்கை எரிவாயு வந்தது, தூய எரிபொருள் என்ற பட்டத்தோடு. அதிலிருந்து எரியாமல் நழுவும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும் என்பதை விளம்பரங்களில் சிறிய எழுத்தில்கூடப் போட இடம் கிடைக்கவில்லை போலும்.

பணக் கவலையும் தங்களுக்கு வைக்கவில்லை. பன்னாட்டுப் பயணத்துக்கான பங்கர் எண்ணெய்க்கு வரி கிடையாது. டீக்கடைக்காரர் மூட்டை ஏற்றிப் போகும் மொபெட்டின் பெட்ரோலுக்கு உண்டு. 2021-ல் பெரிய நிறுவனங்கள் எங்கே போனாலும் குறைந்தது 15 சதவீத வரி கட்ட வேண்டும் என்று உலக நாடுகள் பேசி முடித்தபோது, பன்னாட்டுக் கப்பல் வருமானத்துக்கு மட்டும் தனியாக ஒரு விலக்கு எழுதிக் கொடுத்தார்கள். மண்டையைப் பிளக்கும் வெயிலில் தள்ளுவண்டி இழுப்பவருக்கு எந்த மாநாடும் இவ்வளவு இரக்கம் காட்டியதாக நினைவில்லை.

விதிவிலக்காக ஐரோப்பிய ஒன்றியம் கொஞ்சம் முரட்டுத்தனமாக நடந்துகொண்டது. 2024 முதல் தன் துறைமுகங்களுக்கு வந்து போகும் பெரிய கப்பல்களிடம் தங்களுக்கான காசைக் கேட்க ஆரம்பித்தது. ஐரோப்பாவுக்கு உள்ளே ஓடும் பயணத்துக்கு முழுப் புகை, வெளியிலிருந்து வந்தால் பாதிப் புகை. மிச்சப் பாதியை வேறு யாராவது கேட்கட்டும் என்று விட்டுவைத்தது.

2018-ல் ஐ.எம்.ஓ., 2050-க்குள் தங்களைப் பாதியாக்குவேன் என்றது. 2023-ல் அதை நிகர பூஜ்யம் ஆக்குவேன் என்று உயர்த்தியது, 2050-லோ அதை ஒட்டியோ. அந்த 'ஒட்டியோ'வுக்குள் எத்தனை ஆண்டு அடங்கும் என்று யாரும் அளந்து சொல்லவில்லை. 2025 ஏப்ரலில் நிஜமாகவே ஒரு திட்டம் மேசைக்கு வந்தது: குறித்த வரம்பை மீறும் புகைக்கு, மீறும் அளவைப் பொறுத்து டன்னுக்கு 100 டாலர் அல்லது 380 டாலர். 63 நாடுகள் ஆதரித்தன, 16 எதிர்த்தன. இது போதாது என்று பசிபிக் தீவு நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அக்டோபரில் முறைப்படி ஏற்க மறுபடி லண்டனில் கூடினார்கள். அதற்குள் அமெரிக்கா, ஆதரித்து வாக்களிக்கும் நாடுகளுக்கு விசா கட்டுப்பாடு, துறைமுகக் கட்டணம், தடைகள் எல்லாம் காத்திருக்கின்றன என்று அறிவித்துவிட்டது. சவூதி அரேபியா, ஓராண்டு தள்ளிவைக்கலாமே என்று முன்மொழிந்தது. தள்ளிவைக்க 57 வாக்கு, வேண்டாமென்று 49 வாக்கு.

தள்ளிவைத்துவிட்டுப் பிரதிநிதிகள் ஊர் திரும்பினார்கள். அந்த ஓராண்டில், 2018-ன் அளவிலேயே நின்றால்கூடத் தாங்கள் வானுக்கு அனுப்புவது 100 கோடி டன்னுக்கு மேல். அதில் ஒரு டன்னுக்குக்கூட எந்த உலகச் சட்டமும் ஒரு காசு கேட்காது.